கடல் கடந்த போன் ஒடோரி

மாணவியரே! கல்லறைத் திருநாளன்று நம் வீட்டார் கல்லறைகளைக் கழுவி, மாலையிட்டு, மெழுகுதிரி ஏற்றுவதை அறிவீர்கள். ஆடி அமாவாசையன்று பேரூர் நொய்யல் படித்துறையிலும் பவானி கூடுதுறையிலும் நீத்தார் கடன் செலுத்தத் திரளும் கூட்டத்தையும் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானியரும் தம் முன்னோரை நினைக்கின்றனர். அவ்விழாவின் பெயர் 'ஒபோன்'. ஜப்பானில் பெரும்பாலான இடங்களில் ஆகஸ்டு 13 முதல் 16 வரையிலும், தோக்கியோ நகரில் ஜூலையிலும் இது நடைபெறும்.

இவ்விழாவின் வேர் நம் நாட்டில் உள்ளது. புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், இறந்துபோன தம் தாய் பசிப்பேய்களின் உலகில் வாடுவதை ஞானக்கண்ணால் கண்டாராம். புத்தர் சொன்னபடி துறவியருக்கு உணவு படைக்கவே, தாய் விடுதலை பெற்றாள். மகன் மகிழ்ச்சி தாளாமல் ஆடினார். அந்த ஆட்டமே 'போன் ஒடோரி' ஆயிற்று என்பர். ஒடோரி என்றால் ஆட்டம்.

ஒபோன் நாட்களில் முன்னோரின் ஆவிகள் வீட்டிற்கு வருவதாக ஐதிகம். வழி தெரிய விளக்கு வைக்கின்றனர். வாகனமும் உண்டு! வெள்ளரிக்காய்க்கு நான்கு குச்சிகளைக் கால்களாகச் செருகினால் குதிரை. கத்தரிக்காய்க்குச் செருகினால் மாடு. வரும்போது குதிரையில் விரைந்து வரவேண்டும். திரும்பும்போது மாட்டின் மேல் மெல்லப் போகவேண்டும். இதை முதன்முதலில் நினைத்தவள் எந்தப் பாட்டியோ, பிரிவின் வேதனையை நன்கு அறிந்தவள்.

இனி ஆட்டத்திற்கு வருவோம். திடலின் நடுவே 'யாகுரா' என்னும் மரமேடை எழுப்பி, அதன் மேல் 'தைகோ' என்ற பெரிய முரசை வைத்து முழக்குவர். சுற்றிலும் காகித விளக்குகள் தொங்கும். 'யுகாதா' என்னும் பருத்தி அங்கி அணிந்த மக்கள் மேடையைச் சுற்றி வட்டமாக ஆடுவர். நம் கொங்கு வட்டாரத்து வள்ளிகும்மியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முன்னே செல்பவரைப் பார்த்து அப்படியே செய்தால் போதும். வெளிநாடுகளில் பெரிதும் ஆடப்படும் 'தாங்கோ புஷி' ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பாட்டு. தோண்டுதல், கரியைத் தோளுக்குப் பின்னால் வீசுதல், நிலவை அண்ணாந்து பார்த்தல், வண்டியைத் தள்ளுதல் ஆகியவையே அதன் அசைவுகள். நாற்று நடுவதையும் கதிர் அறுப்பதையும் ஆட்டமாக்கிய நமக்கு இதுவும் விளங்கும்.

இவ்வாட்டம் ஜப்பானியர் குடியேறிய இடங்களுக்கெல்லாம் சென்றது. மலேசியாவில் 1977-ஆம் ஆண்டு தொடங்கிற்று. வேலை நிமித்தம் வந்து தங்கிய பெற்றோர், தம் குழந்தைகள் தாய்நாட்டு வழக்கத்தை மறந்துவிடக் கூடாதே என்று தொடங்கியது அது. 1982-இல் பிரதமர் மகாதீர் 'கிழக்கு நோக்கும் கொள்கை'யை அறிவித்த பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் பெருகின, விழாவும் பெருகியது. கோலாலம்பூரை அடுத்த ஷா ஆலம் நகரில் மலாய்க்காரர், சீனர், தமிழர் யாவரும் வட்டத்தில் சேர்ந்தனர். 2022-இல் சமய விவகார அமைச்சர் ஒருவர், இதில் பிற சமயக் கூறுகள் உள்ளன, முஸ்லிம்கள் போகவேண்டாம் என்றார். சிலாங்கூர் சுல்தானோ விழாவைத் தடுக்க வேண்டாம் என்று கூறிவிட்டார். அவ்வாண்டு ஜூலையில் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் திரண்டனர்.

சமயத்தைப் பற்றிய வாதம் அத்துடன் நிற்க. இறந்தோரை வரவேற்கும் விழா என்றவுடன் எனக்கு எழும் கேள்வி வேறு. அந்த மண்ணில் வரவேற்பாரின்றி இறந்தவர்கள் இருக்கிறார்களே!

சேலம், திருச்சி போன்ற மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் பின்னே கப்பலேறி, மலாயா ரப்பர் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் பல்லாயிரவர். 1942-இல் மலாயா ஜப்பானியப் படையின் வசமாயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ரயில்பாதை போட அப்படைக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். நல்ல கூலி என்று ஆசை காட்டியும், வலுக்கட்டாயமாகப் பிடித்தும் தோட்டத் தொழிலாளரைக் கொண்டு சென்றனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதற்குள் வாந்திபேதி, மலேரியா, பசி, அடி ஆகியவற்றால் மாண்டவர்களில் போர்க்கைதிகள் மட்டும் பன்னீராயிரத்திற்கு மேல். ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ 90,000 பேர் என மதிப்பிடுவர். அவர்களுள் தமிழரே மிகப் பலர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழ்க் கூலிகளுக்கு அப்படி ஏதும் இல்லை. காட்டில் குழி தோண்டிக் கூட்டமாய்ப் புதைத்தனர், அல்லது எரித்தனர்.

1977-இல் யாகுராவைச் சுற்றி ஆடிய சிறுவர் சிறுமியர்மீது இதன் பழியைச் சுமத்துவது நியாயமன்று. தோழமையோடு அவ்வட்டத்தில் நுழையும் தமிழ்ப் பெண்ணைக் குறை கூறவும் எனக்கு மனமில்லை. ஆயினும் அவளுடைய கொள்ளுத்தாத்தா எங்கே மாண்டார் என்பதை அவளுக்கு யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். பள்ளிப் பாடநூல்கள் இதைச் சொல்வது குறைவு.

ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. காஞ்சனபுரியில், குவாய் ஆற்றுப் பாலத்திற்கு அருகே, 1944-இல் ஜப்பானியப் படையினரே எழுப்பிய நினைவுத் தூண் ஒன்று இருக்கிறது. அங்கே மாண்டோருக்கான அஞ்சலியைப் பல மொழிகளில் கற்பலகைகளில் பொறித்திருக்கின்றனர். அவற்றுள் தமிழும் ஒன்று. யார் யார் மாண்டனர் என்ற பட்டியல் மட்டும் அதில் கிடையாது. மலேசியத் தமிழர் சிலர் இப்போது வீடு வீடாகக் கேட்டு, பாதை போடப் போய்த் திரும்பாதவர்களின் விவரங்களைச் சேகரித்து வருகிறார்கள்.