வேர்முடிச்சு கற்பிக்கும் விஞ்ஞான முறை

உளுந்து, பயறு, துவரை ஆகியவை விளைந்த நிலத்தில் அடுத்து இடும் பயிர் செழித்து வளர்வதை நம் உழவர்கள் நெடுங்காலமாக அறிவர். அதன் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை கண்ட வரலாறு, விஞ்ஞானிகள் உண்மையை நாடும் முறையையும் நமக்குக் கற்பிக்கின்றது.

தழைச்சத்தாகிய நைட்ரஜன் பயிருக்கு இன்றியமையாதது. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே எனினும், பயிர்கள் அதனை நேரே உட்கொள்ள இயலாது. மண்ணிலிருந்து வேரின் வழியாகவே பெறுகின்றன. பயறு வகைகளுக்கு மட்டும் வேறு வழி உண்டோ என்னும் ஐயம் எழுந்தது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து, 1886ஆம் ஆண்டில் தம் முடிவை அறிவித்தனர். தழைச்சத்து இல்லாத மணலை வெப்பத்தால் தூய்மை செய்து, பிற சத்துக்களை மட்டும் சேர்த்து, சில தொட்டிகளில் பட்டாணியையும் சிலவற்றில் ஓட்ஸ் தானியத்தையும் வளர்த்தனர். இரண்டும் மெலிந்தன. பின்னர் வயல் மண்ணைக் கரைத்த நீரைச் சிறிது ஊற்றவே, பட்டாணியின் வேரில் முடிச்சுகள் தோன்றின, செடி தழைத்தது. ஓட்ஸ் தேறவில்லை. அந்நீரையே கொதிக்க வைத்து ஊற்றியபோது பட்டாணியும் பயன் பெறவில்லை. ஆகவே, கொதிநீரில் மடியும் ஏதோ ஓர் உயிரே காரணம் என்பது தெளிவாயிற்று. அவ்வுயிராகிய பாக்டீரியாவை 1888இல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி பெயரிங்க் பிரித்தெடுத்தார். ரைசோபியம் எனப்படும் இது, செடியிடம் மாவுச்சத்தைப் பெற்றுக் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றது. இருவேறு உயிர்கள் ஒன்றையொன்று தாங்கி வாழ்வதற்கு இது சிறந்த சான்று.

அவர்கள் கையாண்ட முறையைக் கவனியுங்கள். கண்டதற்குக் காரணத்தை ஊகித்தனர். ஒன்றை மட்டும் மாற்றினர். மாற்றாததையும் அருகிலேயே வைத்து ஒப்பிட்டனர். இம்முறை உழவருக்கும் உரியதே.

ரைசோபியம் பொட்டலம் வாங்கி வயல் முழுவதற்கும் விதைநேர்த்தி செய்துவிட்டால், விளைவு மிகுந்தது மழையாலா, மருந்தாலா என்று எவ்வாறு அறிவது? அம்மண்ணில் தக்க பாக்டீரியா ஏற்கெனவே நிறைந்திருப்பின், பொட்டலத்தால் மிகுபயன் இல்லாமலும் போகலாம். ஆதலின் ஒரே வயலில் சம அளவுள்ள பாத்திகள் சிலவற்றை அமையுங்கள். பாதிப் பாத்திகளில், ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து பூசி நிழலில் உலர்த்திய விதையையும், எஞ்சியவற்றில் பூசாத விதையையும் இடுங்கள். விதை ரகம், நீர், உரம், விதைக்கும் நாள் யாவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். பூக்கும் பருவத்தில் ஒவ்வொரு பாத்தியிலும் சில செடிகளை வேர் அறாமல் தோண்டியெடுத்து முடிச்சுகளை எண்ணுங்கள். பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தோன்றும் முடிச்சே நைட்ரஜனைச் சேர்ப்பது. அறுவடையில் மணியை எடையிட்டு எழுதி வையுங்கள்.

இச்சோதனையை ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் ஊரில் நான்கைந்து வயல்களில் நடத்தி, முடிவை யாவரும் அறியச் செய்யலாம். பயன் உண்டெனத் தெரிந்தால் விளைவு பெருகும். இல்லையெனத் தெரிந்தால் வீண் செலவு நீங்கும். இரண்டும் ஊருக்கு ஆதாயமே.