திருச்சுழி எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

காலநிலைக் கோப்புகளில் ஊர்ப் பெயர் கிடையாது. அட்சரேகை, தீர்க்கரேகை என்று இரண்டு எண்கள்தான். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டுக்காகப் பழைய மழைக் கணக்கையும் காலநிலை மாடல்களின் எண்களையும் சேர்த்துப் பார்க்கிறவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்: அந்த இரண்டு எண்களும் எதைக் குறிக்கின்றன என்று கோப்பிலேயே எழுதிவைக்காவிட்டால், மேலே போடும் கணக்கெல்லாம் வீண்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான அன்றாட மழையளவை 0.25 டிகிரி இடைவெளியில், 129 × 135 புள்ளிகளாகத் தருகிறது. நம் பக்கம் அந்த இடைவெளி ஏறக்குறைய 27 கிலோமீட்டர். அருப்புக்கோட்டையின் தீர்க்கரேகை சுமார் 78.10, திருச்சுழி சுமார் 78.20. புள்ளியைக் கட்டத்தின் நடு என்று கொண்டால் எல்லைக்கோடு 78.125-இல் விழுகிறது. அருப்புக்கோட்டை 78.00 கட்டத்துக்கும் திருச்சுழி 78.25 கட்டத்துக்கும் போய்விடுகின்றன. அதே புள்ளியைத் தென்மேற்கு மூலை என்று கொண்டால் இரண்டு ஊரும் ஒரே கட்டம். கோப்பு ஒன்றுதான், எண்களும் மாறவில்லை. ஆனால் திருச்சுழிக்கு ஐப்பசியில் இவ்வளவு மழை என்று நாம் சொல்லும் அளவு மாறிவிடுகிறது.

சர்வே எண் மட்டும் எழுதி, செக்குபந்தி எழுதாத பத்திரத்தை நம்பி யாரும் நிலம் வாங்க மாட்டோம். கட்டத்தின் நான்கு எல்லைகளும் தரவுக்கு அப்படித்தான். காலநிலைத் தரவு வரும் நெட்சிடிஎஃப் வடிவக் கோப்புகளை எழுதும் முறையைச் சொல்லும் சிஎஃப் மரபில், 2003-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இந்த எல்லைகளை எழுத இடம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விடாதீர்கள்.

அடுத்து, வரிசை. உலகளாவிய மறுபகுப்பாய்வுத் தரவான இஆர்ஏ5-இல் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். வானிலைத் துறைக் கோப்பில் தெற்கிலிருந்து வடக்காக ஏறும். இரண்டையும் கவனிக்காமல் இணைத்தால் வடக்கும் தெற்கும் இடம் மாறும். இதே தீர்க்கரேகையில் தெற்கே 9.5 டிகிரி என்பது நடு இந்தியப் பெருங்கடல். எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதலில் ஒரு வரைபடம் போட்டு, இலங்கை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

கடல் நமக்கு நினைப்பதைவிட அருகில்தான். திருச்சுழியிலிருந்து மன்னார் வளைகுடாக் கரை சுமார் 50 கிலோமீட்டர். உலகளாவிய மாடல்கள் பலவற்றில் ஒரு கட்டமே 100 கிலோமீட்டர் அகலம். நம் ஊருக்கு அருகில் உள்ள கட்டத்தில் பாதி கடலாக இருக்கலாம். கடல் மெதுவாகச் சூடாவதால் அங்கே சித்திரை வெயிலின் உச்சம் அடங்கித் தெரியும். அந்தக் கட்டத்தில் நிலம் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அதையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

வடகிழக்குப் பருவமழையைக் கணிக்கப் பசிபிக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எல் நினோவை அளக்கும் நினோ 3.4 பகுதி மேற்கு 170 முதல் 120 டிகிரி வரை. சில கோப்புகளில் அது −170 முதல் −120. சிலவற்றில் 190 முதல் 240. நம் 78 டிகிரி இரண்டு முறையிலும் 78-ஆகவே இருப்பதால், உள்ளூர் எண் சரியாக வந்ததே என்று அசந்துவிடக் கூடாது. கடல் மாடல்களில் இன்னொரு நுணுக்கம்: பலவற்றில் வெப்பநிலை கட்டத்தின் நடுவிலும் நீரோட்டம் கட்டத்தின் விளிம்பிலும் கணக்கிடப்படும். இரண்டுக்கும் ஒரே ஆயத்தொலைவைப் போட்டால் அரைக் கட்டம் தள்ளிப்போகும்.

ஊரில் பெரியவர்கள் கேட்பது நேரான கேள்வி: "தம்பி, எங்க கண்மாய்க்கு எவ்வளவு மழைன்னு சொல்லுங்க." நான் சொல்வது: "ஐயா, இது உங்க கண்மாய்க்கு மட்டும் உள்ள கணக்கு இல்ல. சுத்தி இருபத்தேழு கிலோமீட்டருக்குச் சேர்த்துச் சொல்றது." அந்தப் புள்ளியில் மழைமானி நிற்கிறது என்றும் அர்த்தமில்லை, சுற்றியுள்ள நிலையங்களின் அளவிலிருந்து கணித்து எடுத்த எண் அது. கோடை இடிமழையில் ஒரு கண்மாய்க்குத் தண்ணீர் வந்து, பக்கத்துக் கண்மாய் வெடித்துக் கிடப்பதை இந்தக் கட்டம் காட்டாது. இதைச் சொன்னால் எண்ணின் மதிப்பு குறையாது. எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

கண்மாய்க் கரையில் நின்று ஜிபிஎஸ் எடுக்கிறவர்கள், அந்த எண்களின் அடிப்படையான டபிள்யூஜிஎஸ்84 என்ற பெயரையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். பழைய டோப்போ ஷீட்டுகள் எவரெஸ்ட் நீள்வட்டக் கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றில் அதே ஆயத்தொலைவு நூறு மீட்டருக்கு மேலும் விலகி விழும். 27 கிலோமீட்டர் கட்டத்துக்கு அது பொருட்டில்லை, மடை எங்கே இருக்கிறது என்று குறிக்கும்போது பெரிய பிழை.