ஆள் கிடைக்கவில்லை!

முன்னுரை

இம்மலரின் அச்சுப்பணி குறித்துப் பேச ஓர் அச்சகத்திற்குச் சென்றிருந்தேன். "பைண்டிங் வேலைக்கு ஆளே கிடைப்பதில்லை, ஐயா!" என வருந்தினார் உரிமையாளர். தம் மகனைப் பொறியியல் படிக்க வைத்திருப்பதாகவும், அவன் இத்தொழிலுக்கு வரவே வேண்டா என்றும் அடுத்த மூச்சிலேயே கூறினார். இவ்விரு கூற்றுகளையும் இணைத்து எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

'கூலி', 'ஊதியம்' என்னும் இரு சொற்களையும் வள்ளுவர் ஆண்டுள்ளார். முயற்சி தரும் பயன் அவருக்குக் கூலி. ஈகையாலும் புகழாலும் உயிர் பெறும் பேறு ஊதியம். இரண்டும் உயர்ந்த பொருளிலேயே வந்துள்ளன. இன்றோ, நாற்காலியில் அமர்ந்து பெறுவது ஊதியம்; வியர்வை சிந்திப் பெறுவது கூலி. ஆட்பற்றாக்குறையின் ஒரு வேர் இவ்வேற்றுமையில் இருக்கிறது.

வரலாறு தரும் பாடம்

1348ஆம் ஆண்டு இங்கிலாந்தினுள் புகுந்த கொள்ளைநோய், மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரை மாய்த்ததென்பர் வரலாற்று அறிஞர். உழுவதற்கு ஆளின்றி நிலக்கிழார் தவித்தனர். எஞ்சிய உழைப்பாளர் கூடுதல் கூலி கேட்டனர். மூன்றாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1349இல் ஆணையும் 1351இல் சட்டமும் பிறந்தன. நோய்க்கு முந்தைய கூலிக்கே உழைத்தல் வேண்டும். அறுபது வயதிற்குட்பட்டு உடல் வலிமையுடையோர், சொந்த நிலமோ தொழிலோ இன்றேல், அழைத்த வேலையை மறுத்தல் கூடாது என அவை கட்டளையிட்டன. விளைவு யாது? ஆள் தேவைப்பட்ட நிலக்கிழார் பலர் சட்டத்தை மீறித் தாமே மிகுதியாகக் கொடுத்தனர். 1381இல் உழவர் கிளர்ச்சி வெடித்தது. தலைவரி அதற்கு உடனடிக் காரணமெனினும், இக்கூலிக் கட்டுப்பாட்டால் மூண்ட சினமும் அதனுள் கனன்றது.

இன்றைய நிலை

நம் மாநிலத்தில் ஆட்பற்றாக்குறை நோயால் நேர்ந்ததன்று. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறந்தால்தான் மக்கள்தொகை நிலைபெறும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 2005-06இலேயே தமிழகத்தில் அவ்வெண் 1.8; பீகாரில் 4.0. அன்று பிறந்தோரே இன்றைய இளைஞர். அவர்களுள்ளும் கல்லூரி செல்வோர் மிகுதி: 2021-22இல் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4, தமிழகத்தில் 47. எனவேதான் திருப்பூர்ப் பனியன் தொழில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டுத் தொழிலாளரை நம்பி நிற்கிறது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் அவர்கள் ஊர் திரும்பியபோது, அவர்தம் அருமையை அனைவரும் உணர்ந்தோம்.

முடிவுரை

கல்வி பெருகியதும் குடும்பம் சுருங்கியதும் குறைகள் அல்ல. ஆனால் 'ஆள் கிடைக்கவில்லை' என்பது முற்றுப்பெறாத தொடர். 'இக்கூலிக்கும் இம்மதிப்பிற்கும்' என்னும் சொற்கள் அதில் மறைந்து நிற்கின்றன. தம் மகனுக்கு வேண்டாத தொழிலைப் பிறர் மகன் மட்டும் விரும்பிச் செய்வான் என எவ்வாறு எதிர்பார்ப்பது?

இதில் ஆசிரியர்க்கும் பங்குண்டு. "படிக்காவிட்டால் மூட்டைதான் தூக்குவாய்" என ஒருநாள் வகுப்பில் கடிந்துரைத்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் தலைகவிழ்ந்தான். அவன் தந்தை அங்காடியில் மூட்டை சுமப்பவர் எனப் பின்னரே அறிந்தேன். அன்று நான் தாழ்த்தியது ஒரு தொழிலை மட்டுமன்று. அம்மாணவனைப் படிக்க வைத்த உழைப்பையும்தான். அச்சொற்றொடரை அதன்பின் நான் சொன்னதில்லை.