திருவிதாங்கூர் ஒருமுறை விட்ட தூக்குக் கயிறு

அன்பு மக்களே,

ஒரு இளம்பெண் காதலனுக்குக் கஷாயத்தில் விஷம் கலந்து கொடுத்துக் கொன்ற பாறசாலைக் கஷாய வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை செஷன்ஸ் நீதிமன்றம் அந்த இளம்பெண்ணுக்குத் தூக்கு விதித்தபோது அம்பூரியில் பலரும் அதுதான் நியாயம் என்றார்களாம். கொலைக்குத் தூக்கு ஆதிகாலம் முதல் மாறாத சட்டம் என்றும் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நான் ஒப்பமாட்டேன்.

நம் திருவிதாங்கூரில் பழைய தண்டனைகள் வேறு மாதிரி இருந்தன. 1752இல் கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளையைக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 1809இல் வெள்ளைக்காரனை எதிர்த்த வேலுத்தம்பி தளவாய் இறந்த பிறகும் வெள்ளைக்காரன் விடவில்லை. உடலை ஊர் பார்க்கக் கண்ணம்மூலையில் தொங்கவிட்டான். பிராமணர் கொலை செய்தாலும் உயிர்த்தண்டனை இல்லை என்பது அன்றைய வழக்கம். ஆள் பார்த்துத்தான் கயிறு இறங்கியது.

அதே திருவிதாங்கூர் 1944இல் கொலைக்கு மரண தண்டனையை ரத்து செய்தது. மன்னர் சித்திரைத் திருநாள், திவான் சி.பி. ராமசாமி ஐயர். (இரண்டே வருஷத்தில் புன்னப்புரை வயலாறில் மக்களைச் சுட்டதும் இதே சி.பி.யின் ஆட்சிதான். அவரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை.) இன்று கேரளத்தில் இருக்கும் அம்பூரியும் தமிழ்நாட்டில் இருக்கும் விளவங்கோடும் அப்போது ஒரே அரசு. நம் இரு பக்கத்துக்கும் தூக்கு இல்லாத சில வருஷங்கள் உண்டு.

பிறகு கயிறு ஏன் திரும்பி வந்தது? திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்தது. 1951இல் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கும் அமலானது. நாடு முழுக்க ஒரே சட்டம் என்று வந்த மூட்டைக்குள் தூக்கும் இருந்தது.

தூக்கு பற்றிய சட்டமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1955 வரை, தூக்குக்குப் பதில் ஆயுள் விதித்த நீதிபதிதான் காரணம் எழுத வேண்டும். 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது: தூக்கு விதித்தால்தான் சிறப்புக் காரணம் வேண்டும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதிலும் அரிதான வழக்குக்கே தூக்கு என்றது. கேரளத்தில் கடைசியாக ஒருவரைத் தூக்கிலிட்டது 1991இல், கண்ணூர் சிறையில்.

நெய்யாற்றின்கரைத் தீர்ப்பும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேறாது. நான் தூக்கு வேண்டாம் என்கிறவன். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு என் வாதம் ஆறுதலாகாது என்றும் தெரியும். நீ ஒரு முடிவுக்கு வருமுன் தீர்ப்பைத் தேடிப் படி. பெண்ணின் வயதைக் காட்டி இரக்கம் கேட்ட வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. அதற்கு அவர் சொல்லும் காரணம் உனக்குப் போதுமா என்று எழுது.

அன்புடன்,
மாமா