நிறுவியைக் கட்டும் கருவி

கணினியில் புதிய மென்பொருளை ஏற்றும்போது முதலில் ஒரு சிறிய சாளரம் திறக்கும். பலர் அதைக் கூர்ந்து பார்ப்பதில்லை. ‘அடுத்து’, ‘அடுத்து’ என்று பொத்தானை அழுத்திவிட்டு, கோடு நிறையும்வரை காத்திருப்பர். அந்தச் சாளரத்தைக் காட்டுவது நிறுவி எனப்படும் மென்பொருள். சில நிமிடங்களே இயங்கினாலும் அதற்குக் கிடைக்கும் அதிகாரம் பெரிது. பெரும்பாலும் அது கணினி நிர்வாகியின் உரிமையோடு இயங்குகிறது. புதிய கோப்புறைகளை உருவாக்கலாம். பழைய கோப்புகளை அழிக்கலாம். கணினியின் அமைப்புகளை மாற்றலாம். அந்த அதிகாரம் தவறான இடத்தில் பாய்ந்தால் என்ன ஆகும்?

2001ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸ் மென்பொருளின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. மேக் கணினிகளுக்கான அதன் நிறுவியில், பழைய பதிப்பைத் தேடி அழிக்கும் கட்டளை ஒன்று இருந்தது. வன்தட்டின் பெயரை அந்தக் கட்டளையில் மேற்கோள்குறிகளுக்குள் அடைக்க மறந்துவிட்டனர். பெயரில் இடைவெளி இல்லாத வன்தட்டுகளில் ஒரு சிக்கலும் எழவில்லை. இடைவெளி உள்ள சில கணினிகளிலோ வன்தட்டில் இருந்தவை மொத்தமாக அழிந்தன. ஆப்பிள் அந்த நிறுவியைத் திரும்பப் பெற்றுத் திருத்திய பதிப்பை வெளியிட்டது. ஆயினும் அழிந்த கோப்புகள் தாமாகத் திரும்பி வரப்போவதில்லை.

ஓர் இடைவெளி எப்படி இவ்வளவு கேட்டைச் செய்தது? தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ‘வேங்கை’ என்பதை ஒரே சொல்லாகப் படித்தால் மரம் அல்லது புலி. ‘வேம் கை’ என்று பிரித்தால் வேகின்ற கை. பிரிக்கும் இடம் மாறினால் பொருளும் மாறிவிடுகிறது. கட்டளைகளைப் படிக்கும் கணினியும் இடைவெளியைக் கண்டால் அங்கே ஒரு பெயர் முடிந்துவிட்டதாகக் கொள்ளும். ஒருவரிடம் ‘பாடல்’ என்றும் ‘பாடல் 2’ என்றும் இரண்டு வன்தட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது தட்டில் உள்ள ஒரு கோப்புறையை அழிக்கச் சொன்னால், மேற்கோள்குறி இல்லாத கட்டளை ‘பாடல்’ என்ற சொல்லோடு நின்று, முதல் தட்டையே அழிக்கத் தொடங்கும்.

இத்தகைய நுணுக்கங்களை ஒவ்வொரு நிரலரும் தாமே நினைவில் வைத்து நிறுவி எழுதுவது கடினம். அதனால்தான் நிறுவிகளை உருவாக்கித் தருவதற்கென்றே கருவித்தொகுப்புகள் தோன்றின. அவற்றுள் சில விண்டோஸ் இயங்குதளத்துக்கு மட்டும் உதவும். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றுக்கும் உதவுபவற்றுள் ஒன்று ‘கியூட் நிறுவிச் சட்டகம்’. நார்வே நாட்டைச் சேர்ந்த ஹாவார்ட் நோர்ட், எய்ரிக் சாம்பே-எங் என்னும் இருவர் 1991இல் எழுதத் தொடங்கிய ‘கியூட்’ என்னும் நிரலகத்தின் மேல் அது பிற்காலத்தில் கட்டப்பட்டது. நிரலகம் என்பது பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு. இந்தச் சட்டகத்தின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. விரும்பியவர் அதைப் பதிவிறக்கித் தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளலாம்.

தொகுக்கத் தொடங்கியதும் ஒரு புதிர் எதிர்ப்படும். சாதாரண மென்பொருள் ஒன்று தனக்கு வேண்டிய நிரலகங்களைத் தனிக் கோப்புகளாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். இயங்கும்போது அவற்றைக் கூப்பிட்டுக்கொள்ளும். அந்தக் கோப்புகளை உரிய இடத்தில் கொண்டுபோய் வைப்பது நிறுவியின் வேலை. அப்படியானால் நிறுவிக்கு வேண்டிய நிரலகங்களை யார் கொண்டுபோய் வைப்பது? நிறுவிக்கு முன் ஒரு நிறுவி கிடையாது. ஆளில்லாத் தீவில் இறங்குகிறவர் தீப்பெட்டி முதல் குடிநீர் வரை எல்லாவற்றையும் தாமே சுமந்து செல்வதுபோல், நிறுவியும் தனக்கு வேண்டிய அனைத்தையும் தன் ஒரே கோப்புக்குள் கொண்டிருக்க வேண்டும். இதற்கு ‘நிலை இணைப்பு’ என்று பெயர்.

ஆகவே முதல் வேலை, கியூட் நிரலகத்தின் மூலநிரலைப் பெற்று, நிலை இணைப்புக்கு ஏற்றவாறு அதைத் தொகுப்பது. விண்டோஸில் விசுவல் ஸ்டூடியோ, மேக்கில் எக்ஸ்கோட், லினக்ஸில் ஜிசிசி ஆகியவை இதற்கான தொகுப்பான்களைத் தருகின்றன. தேவையில்லாத பகுதிகளை விலக்கிவிட்டால் வேலை விரைவில் முடியும். அப்போதும் பழைய கணினியாக இருந்தால் பொறுமை வேண்டும். அடுத்து, இவ்வாறு தொகுத்த கியூட்டைக் கொண்டு சட்டகத்தின் மூலநிரலைத் தொகுக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். கணினியில் ஏற்கெனவே வேறொரு கியூட் இருந்தால், ‘கியூமேக்’ என்று வெறுமனே தட்டச்சு செய்யும்போது அதுவே எழுந்து வரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாமலேயே தொகுத்தல் முடிந்துவிடும். நிரலர் தம் கணினியில் நிறுவியைத் திறந்து பார்ப்பார், நன்றாக இயங்கும். அடுத்தவர் கணினிக்குப் போனால் திறக்காது. எனவே புதிதாகத் தொகுத்த கியூமேக் இருக்கும் இடத்தை முழு முகவரியுடன் குறிப்பிடுவதே நல்லது.

லினக்ஸில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இயங்குதளத்தின் அடிப்படை நிரலகம் மட்டும் பெரும்பாலும் நிறுவிக்கு வெளியிலேயே இருக்கும். புதிய பதிப்பில் தொகுத்தது பழைய பதிப்பில் ஓடாமல் போகலாம். பழையதில் தொகுத்தது பொதுவாகப் புதியதில் ஓடும். ஆகையால் அனுபவமிக்கவர்கள் வேண்டுமென்றே பழைய லினக்ஸ் பதிப்பு ஒன்றைத் தேடிப்பிடித்து அதில் தொகுக்கின்றனர்.

தொகுத்தல் முடிந்ததும் சில கருவிகள் கையில் கிடைக்கும். அவற்றுள் முக்கியமானவை இரண்டு. ஒன்று, உள்ளே பொருள் எதுவும் இல்லாத வெற்று நிறுவி. மற்றொன்று, அந்த வெற்று நிறுவியோடு பொதிகளைச் சேர்த்து ஒட்டி, ஒரே கோப்பாக்கித் தரும் கருவி. நிரலர் இரண்டு கோப்புறைகளை ஆயத்தம் செய்து கொடுத்தால் போதும். ஒன்றில் மென்பொருளின் பெயர், பதிப்பு எண், எங்கே நிறுவ வேண்டும் என்பன போன்ற விவரங்கள் இருக்கும். மற்றொன்றில் நிறுவ வேண்டிய கோப்புகள் பொதி பொதியாக இருக்கும். இவற்றை ஒரு முறை எழுதிவிட்டால் மூன்று இயங்குதளங்களுக்கும் பெரும்பகுதி பயன்படும். வெற்று நிறுவியை மட்டும் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியே தொகுத்தாக வேண்டும்.

மூன்று தளங்களும் ஒரே மாதிரியான வீடுகள் அல்ல. மென்பொருள்களை வைக்கும் இடம் விண்டோஸில் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’, மேக்கில் ‘அப்ளிகேஷன்ஸ்’, லினக்ஸில் பெரும்பாலும் ‘ஆப்ட்’ என்னும் கோப்புறை. நிரலர் இந்த மூன்று முகவரிகளையும் எழுதத் தேவையில்லை. ‘மென்பொருள்களின் இடம்’ என்று பொருள்படும் ஒரு குறிச்சொல்லை எழுதினால், எந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கிறோம் என்று பார்த்து நிறுவியே உரிய முகவரியை இட்டுக்கொள்ளும்.

இச்சட்டகத்தின் மிகச் சிறந்த ஏற்பாடு, செய்ததைத் திருப்பிச் செய்யும் முறைதான். கோப்புறையை உருவாக்குதல், பொதியைப் பிரித்தல், குறுக்குவழியை அமைத்தல் என்று ஒவ்வொரு செயலையும் நிறுவி குறித்து வைக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிர்ச்செயலும் உண்டு. பாதியில் பயனர் ‘வேண்டாம்’ என்று நிறுத்தினாலும், மென்பொருளைப் பின்னர் நீக்கினாலும், கடைசியில் செய்ததை முதலில் தொடங்கித் தலைகீழ் வரிசையில் ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டு வரும். இந்த வேலைக்காக நிறுவி தன்னுடைய நகல் ஒன்றைப் பராமரிப்புக் கருவியாக அங்கேயே விட்டுச் செல்கிறது.

இருந்தாலும் கருவியை முழுக்க நம்பிவிடக் கூடாது. மென்பொருளை நீக்கும்போது, அது இருந்த கோப்புறையையும் சேர்த்து நீக்குவதே இச்சட்டகத்தின் இயல்பான அமைப்பு. பயனர் தம் பள்ளிக் கட்டுரைகளை அதே கோப்புறையில் சேமித்திருந்தால் அவையும் போய்விடும். வேண்டாம் என்றால், விவரக் கோப்பில் ஒரு வரியை எழுதி அதைத் தடுக்கலாம். அந்த ஒரு வரியைப் பற்றி யோசிக்கும் பொறுப்பு நிரலருடையது.

முடிந்த நிறுவியைச் சோதிக்க, நிரலர்கள் தங்கள் சொந்தக் கணினியைப் பயன்படுத்துவதில்லை. அதில் எல்லா நிரலகங்களும் இருப்பதால் குறை தெரியாது. இயங்குதளம் மட்டுமே ஏற்றப்பட்ட மெய்நிகர் கணினியில் அதைத் திறந்து பார்ப்பர். பெயரில் இடைவெளி உள்ள கோப்புறையில் நிறுவிப் பார்ப்பர். ‘கவிதை’ என்று தமிழில் பெயரிட்ட கோப்புறையையும் முயன்று பார்ப்பது நல்லது; ஆங்கில எழுத்து அல்லாத பெயர்களை ஏற்கலாம் என்று விவரக் கோப்பில் அனுமதி தந்தால்தான் இச்சட்டகம் அவற்றை ஏற்கும். பிறகு அந்தக் கோப்புறைக்குள் ஒரு சிறிய கடிதக் கோப்பைப் போட்டுவிட்டு, மென்பொருளை நீக்கி, கடிதம் அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பர்.