அறுந்த பெல்ட்டைத் தூக்கி எறியாதே

மாவு மில் மெக்கானிக் வேலை பழக வந்திருக்கிறாய், கண்ணு. நல்ல தொழில். பெல்ட் மாற்றுவதுதான் உனக்கு முதலில் கிடைக்கும் வேலை. சின்ன வேலைதானே என்று அதை அவசரமாக முடித்துவிடாதே.

1. புல்லியைத் தொடும் முன் மெயினை அணை. அதோடு விடாமல் மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி உன் சட்டைப் பையில் போட்டுக்கொள். நீ குனிந்து வேலை செய்யும்போது, கரண்ட் போயிருக்கிறது என்று நினைத்து யாராவது சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் பையைத் தடவிப் பார்க்காமல் ஒருநாளும் பெல்ட்டில் கை வைத்ததில்லை. கடைசிவரை அவர் விரல்கள் முழுதாக இருந்தன. தோளில் துண்டும் வேண்டாம், பெல்ட் இழுத்துக்கொள்ளும்.

2. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காதைக் கொடு. மோட்டார் கிளம்பும்போது கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. தானியம் விழுந்ததும் கல்லின் வேகம் குறைந்து மோட்டார் மட்டும் வேகமாக ஓடினாலும் அதே கதைதான். ரப்பர் கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்து. தீபாவளி மாவுக்கு வாசலில் டப்பாக்கள் வரிசையாக இருக்கும். “இதை மட்டும் அரைச்சுக் குடுத்துடு சாமி” என்று ஒரு பாட்டி கேட்பார். “கொஞ்சம் பொறுங்க பாட்டி” என்று தன்மையாகச் சொல்லப் பழகு.

3. கழற்றிய பெல்ட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார். பக்கங்கள் பளபளவென்று வழவழத்திருந்தால் தளர்ந்து வழுக்கியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிசிர் பிசிராகப் பிரிந்திருந்தால் இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லை. உட்புறம் குறுக்கே வெடித்திருந்தால் சூடு கண்டிருக்கிறது. உப்பிப் பிசுபிசுத்தால் பேரிங்கிலிருந்து கிரீஸ் வழிகிறது. பாதி ஆயுளில் போன பெல்ட்டைக் கொன்றது வேறொன்று. அதைக் கண்டுபிடிப்பதுதான் உன் வேலை. ஒரு மில்லில் பெல்ட் அடிக்கடி அறுந்தது. கடைக்காரர் போலிச் சரக்கு தருகிறார் என்று ஊரே பேசியது. நூல் பிடித்துப் பார்த்தால் மோட்டாரின் கால் போல்ட் ஒன்று தளர்ந்து, புல்லி ஒரு விரல்கடை கோணியிருந்தது. அதை நேராக்கியதும் அதே கடை பெல்ட் வருஷக்கணக்கில் ஓடியது. பார்க்காமல் ஒருவர்மேல் பழி போடாதே, கண்ணு.

4. புல்லியின் காடிக்குள்ளும் பார். வி-பெல்ட் பக்கங்களால்தான் பிடிக்கும். காடியின் அடியைத் தொடக் கூடாது. அடி பளபளத்தால் தேய்ந்தது புல்லி. புல்லிக்குப் பணம் செலவாகும் என்பதை மில்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடு. மூடி மறைத்துப் புதுப் பெல்ட்டை மாட்டினால் அவர் இரண்டு முறை செலவழிப்பார்.

5. புதுப் பெல்ட் வாங்கும் முன் பழையதன் மேல் உள்ள எழுத்தைப் பார். பி-60 என்றால் மேலகலம் 17 மி.மீ., கனம் 11 மி.மீ., உட்சுற்று 60 அங்குலம். எழுத்து அழிந்திருந்தால் அளந்து வாங்கு. மூன்று பெல்ட் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒன்று போனாலும் மூன்றையும் மாற்று. பழையவை நீண்டிருக்கும், பாரம் முழுவதும் புதியதன் தலையில் விழும்.

6. ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றாதே. உள்ளே இருக்கும் நூல் முறிந்துவிடும், வெளியே தெரியாது. மோட்டாரைத் தளர்த்தி முன்னே தள்ளி, கையாலேயே மாட்டு. பிறகு நூல் பிடித்து நேர் பார்த்து இறுக்கு. புல்லிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி என்றால், பெல்ட்டின் மத்தியில் அழுத்தும்போது சுமார் 16 மி.மீ. அமுங்க வேண்டும். முறுக்கேற்றி இறுக்கினால் பேரிங் போகும். வழுக்குகிறதே என்று குங்கிலியம் தூவவும் வேண்டாம்.

7. புதுப் பெல்ட் ஓடஓடக் காடியில் அமர்ந்து கொஞ்சம் தளரும். அதனால் மறுநாள் காலையில் கூப்பிடாமலே போய், மறுபடி இறுக்கிக் கொடுத்துவிட்டு வா. அதற்குத் தனிக் கூலி கேட்காதே.