கண்ணீரை மட்டும் பேசாதே

அன்பு மகளுக்கு,

பெரிய வெள்ளி மும்மணி நேர ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன வார்த்தைகளில் மூன்றாம் வார்த்தையை உனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா போனில் சொன்னாள். கேட்டதிலிருந்து மனசு நிறைந்திருக்கிறது. சிலுவையருகே நின்ற பெண்களைப் பற்றிப் பேசப்போகிறாயாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர்கள் அழுதார்கள், அழுதார்கள் என்றே வருஷா வருஷம் கேட்கிறோம். எருசலேம் தெருவில் புலம்பிக்கொண்டு பின்னால் போன பெண்களை லூக்கா சொல்கிறார், உண்மைதான். ஆனால் கலிலேயாவிலிருந்து கூடவே வந்தவர்கள் செய்தது அதைவிடக் கடினமான காரியம். கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். மாற்கு 15ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசி. இயேசு உயிர் விடும்போது மகதலேனா மரியாள், சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியாள், சலோமே ஆகியோர் அங்கே இருக்கிறார்கள். அரிமத்தியா யோசேப்பு உடலை அடக்கம் செய்யும்போது மரியாள்கள் இருவரும் இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். ஓய்வுநாள் கழிந்து விடிந்ததும், அதே மூவர் வாசனைத் திரவியங்களோடு அந்தக் கல்லறைக்கே வருகிறார்கள். மரணம், அடக்கம், உயிர்த்தெழுதல் என்று நாம் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறோமே, அந்த மூன்றையும் ஒரே கோடாக இணைப்பது மாற்குவில் இந்தப் பெண்களின் கண்கள்தான். சீஷர்கள் கெத்செமனேயிலேயே ஓடிவிட்டார்கள். பேதுரு கொஞ்சதூரம் பின்னால் வந்து, முற்றத்தோடு நின்றுவிட்டார். இதைச் சொல்லி ஆண்களை அடிக்காதே. அன்பான சீஷன் ஒருவன் சிலுவையருகே நின்றதாக யோவான் எழுதுகிறார். உன் மூன்றாம் வார்த்தையே அவனிடம் தாயை ஒப்படைக்கிற வார்த்தைதானே.

மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் பெண்கள் தூரத்தில் நிற்கிறார்கள், யோவானில் அருகே நிற்கிறார்கள். இரண்டையும் இழுத்துப்பிடித்து ஒன்றாக்க வேண்டாம். தூரத்தில் நின்றதைக் கோழைத்தனம் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. திபேரியு இராயனின் ஆட்சியில் ரோம் நகரில் பெரிய கொலைப்படலம் ஒன்று நடந்தது. கொல்லப்பட்டவர்களின் சொந்தக்காரர்கள் உடல்களின் அருகே நிற்கவும் அழவும் விடப்படவில்லை, அதிக நேரம் பார்க்கக்கூட அனுமதியில்லை என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். இயேசு அறையப்பட்டதும் அதே இராயனின் காலத்தில்தான், அதுவும் ராஜா என்ற குற்றச்சாட்டைத் தலைக்கு மேல் எழுதிவைத்து. அந்த மனுஷனுடைய ஆட்கள் என்று அடையாளம் தெரியும்படி நிற்பது சின்ன காரியமா?

செபெதேயுவின் மனைவியை மறந்துவிடாதே. மத்தேயு அவளைச் சிலுவைக் காட்சியில் பெயர் சொல்லாமல் வைக்கிறார். உம்முடைய ராஜ்யத்தில் என் மகன்களில் ஒருவன் வலதுபக்கமும் ஒருவன் இடதுபக்கமும் உட்கார வேண்டும் என்று சில அதிகாரங்களுக்கு முன்னால் வந்து கேட்ட தாய் அவள்தான். இப்போது அவள் கண்முன் வலதுபக்கம் ஒரு கள்ளன், இடதுபக்கம் ஒரு கள்ளன். தான் கேட்ட இடம் எது என்று அங்கே நின்றபோது அவளுக்கு விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன். கேட்டது கிடைக்காமல் போனதே பிள்ளைகளுக்குக் காவல் என்று எண்ணினாளோ, வெட்கப்பட்டாளோ, மத்தேயு சொல்லவில்லை. ஆனால் அவள் போய்விடவில்லை. நீ மூன்றாம் வார்த்தையில் இயேசுவின் தாய் மரியாளின் தாய்மையைப் பேசும்போது, இந்தத் தாய்க்கும் ஓரிடம் கொடு. சபையில் உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களில் பலர் அவளைப் போலப் பிள்ளைகளுக்காகக் கேட்டவர்கள்தான்.

மகதலேனாவை விபசாரி என்று மட்டும் சொல்லிவிடாதே, கண்ணு. எந்தச் சுவிசேஷமும் அப்படிச் சொல்லவில்லை. அவளைவிட்டு ஏழு பிசாசுகள் நீங்கின என்பதும், தன் ஆஸ்தியால் ஊழியத்தைத் தாங்கிய பெண்களில் ஒருத்தி என்பதும் லூக்கா 8இல் இருக்கிறது. லூக்கா 7இல் வரும் பெயரில்லாத பாவியான பெண்ணையும் இவளையும் ஒருத்தியாகச் சேர்த்துப் பேசியவர் போப் கிரகோரி, 591இல். கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் நாட்காட்டியைத் திருத்தியபோது அந்தக் குழப்பத்தை விட்டது. 2016இல் அவளுடைய ஜூலை 22 திருநாளை அப்போஸ்தலர்களின் திருநாள்களுக்குச் சமமாக உயர்த்தியது. நம் பிரசங்க மேடைகள் இன்னும் பழையதையே சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு வேதனை.

அந்தக் காலத்தில் பெண்களின் சாட்சியை ஏற்கலாகாது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். அப்படியிருக்க, கதை கட்டுகிறவன் உயிர்த்தெழுதலுக்குப் பெண்களையா சாட்சியாக வைப்பான் என்று சிலர் வாதிடுவார்கள். நல்ல வாதம்தான், ஒரு வரியில் சொல். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, நம் பேச்சு எடுபடுமா என்று கணக்குப் பார்த்து அவர்கள் நிற்கவில்லை என்பது. எடுபடவும் இல்லை. யோவன்னாள் உட்பட அவர்கள் சொன்னது அப்போஸ்தலருக்கு வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த யோவன்னாள் ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி. இயேசுவைப் பரியாசம்பண்ணி அனுப்பிய அதே ஏரோதின் சம்பளத்தில் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

கல்லறையிலிருந்து அவர்கள் நடுங்கி ஓடியதையும் சொல். மாற்கு அதை மறைக்கவில்லை, நீயும் மறைக்காதே. எழுதி முடித்ததும் உன் அம்மாவுக்கு முன்னால் ஒரு தரம் சத்தமாக வாசித்துப் பார். பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாதே. உனக்குப் பின்னால் இன்னும் நான்கு வார்த்தைகள் இருக்கின்றன.

அன்புடன்,
உன் பெரியம்மா